39 பேரில் ஒருவரா, 10,000 பேரில் ஒருவரா? ஒரு நரம்பு நோயை எண்ண வைத்த டாக்டர் ஐக்மனின் கதை

தேக்கா பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பொன்னி புழுங்கல், இட்லி அரிசி. இன்னொரு பக்கம் பச்சரிசி, தாய்லாந்து மல்லிகை அரிசி. சோற்றுக்குப் புழுங்கலரிசிதான் வேணும் என்று உங்கள் பாட்டி அடம்பிடிப்பார். உங்களுக்கோ எந்த அரிசியாக இருந்தாலும் பரவாயில்லை, பசிக்குது, சாப்பிடணும். அவ்வளவுதானே?

ஆனால் 120 ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரிலும் மலாயாவிலும், தட்டில் எந்த அரிசி விழுந்தது என்பதைப் பொறுத்தே பலருடைய கால்கள் நடக்குமா, இதயம் தாக்குப்பிடிக்குமா என்பது முடிவானது. அந்த நோயின் பெயர் பெரிபெரி. நரம்புகளைத் தாக்கும் நோய்.

அரிசிக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் கிறிஸ்டியான் ஐக்மன். நெதர்லாந்தில் பிறந்து, நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வேலை பார்த்த ராணுவ மருத்துவர். 1929இல் நோபெல் பரிசு பெற்றவர். அவருடைய கதை சாங்கியில் இருந்த போர்க் கைதிகள் வரைக்கும் நீளும். இன்று உங்கள் வீவக வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க வரும் ஆய்வாளர் வரைக்கும்கூட நீளும்.

எப்படின்னு பார்ப்போமா?

யார் இந்த ஐக்மன்?

1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி நெதர்லாந்தின் நைகெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தில் ஏழாவது பிள்ளை. அப்பா பள்ளித் தலைமையாசிரியர். மருத்துவம் படிக்கப் பணம் வேண்டுமே? அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. ராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தால் படிப்புச் செலவை ராணுவம் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு, காலனி நாட்டில் போய் ராணுவ மருத்துவராகச் சேவை செய்ய வேண்டும். 1875இல் ஆம்ஸ்டர்டாமில் அப்படித்தான் சேர்ந்தார். இன்றைய மொழியில் சொன்னால், பணிக்கடப்பாட்டோடு வரும் உபகாரச் சம்பளம்.

1883இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு நரம்புகளின் மின்னியல் பற்றியது. ஆக, தொடக்கத்திலிருந்தே நரம்புகளில் ஆர்வம் உள்ள ஆள்.

அதே ஆண்டில் திருமணம். அதே ஆண்டில் கப்பலேறி டச்சுக் கிழக்கிந்தியாவுக்குப் பயணம். செமாராங், சிலாசாப், பிறகு சுமத்ராவில் படாங் சிடெம்புவான் என்று ஊர் ஊராக மாற்றினார்கள். நடுவில் மலேரியா பிடித்தது. உடம்பு தேறாமல் 1885இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே மனைவி இறந்துவிட்டார்.

வயது 28. கையில் பட்டம் இருக்கிறது, உடம்பில் மலேரியா இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. அவர் போய் நின்ற இடம் பெர்லின். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சியில் இருந்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடம்.

நடக்கவிடாத நோய்

அங்கேதான் திருப்பம் வந்தது. பெக்கல்ஹாரிங், விங்க்லர் என்ற இரண்டு டச்சு மருத்துவர்கள் பெர்லினுக்கு வந்திருந்தார்கள். பெரிபெரியை ஆராய அரசாங்கம் அவர்களை ஜாவாவுக்கு அனுப்பவிருந்தது. ஐக்மன் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1886இல் மறுபடியும் கிழக்குத் திசையில் பயணம்.

ஏன் இவ்வளவு அவசரம்? சுமத்ராவின் அச்சே பகுதியில் டச்சுக்காரர்கள் 1873 முதல் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். குண்டடி பட்டவர்கள் ஒரு பக்கம் என்றால், பெரிபெரியால் சுருண்டவர்கள் இன்னொரு பக்கம். சிறைகளிலும் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் இதே கதைதான்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்? முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்கால் வலிக்கும். நடை தள்ளாடும். அப்புறம் கால் தூக்க வராது. சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கி, இதயம் செயலிழந்து, சில நாள்களிலேயே மரணம். பெரிபெரி என்ற பெயரே முடியாது, முடியாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

அது கிருமிகளின் காலம். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பிய நேரம். குழுவும் கிருமியைத்தான் தேடியது. ஒரு நுண்ணுயிரியைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து இரண்டு மூத்தவர்களும் 1887இல் ஊர் திரும்பினார்கள். மீதி வேலையை முடிக்கச் சொல்லி ஐக்மனை அங்கேயே விட்டுப் போனார்கள். 1888 ஜனவரியில் படேவியாவில், அதாவது இன்றைய ஜக்கர்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டி இருந்த சிறிய ஆய்வுக்கூடத்துக்கு அவர் இயக்குநரானார். அதே ஆண்டு மறுமணமும் செய்துகொண்டார்.

கோழிகள் சொன்ன உண்மை

ஐக்மன் கோழிகளை வைத்துச் சோதனை செய்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைச் சில கோழிகளுக்குச் செலுத்துவது, மற்றவற்றை அப்படியே விடுவது, இரண்டையும் ஒப்பிடுவது. திட்டம் சரிதான். ஆனால் ஊசி போட்ட கோழியும் தள்ளாடியது, போடாத கோழியும் தள்ளாடியது. காலை மடக்கி உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழ முடியாமல் கிடந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்புகள் சிதைந்திருந்தன. மனிதர்களின் பெரிபெரியை அப்படியே ஒத்திருந்தது.

தொற்று எல்லாக் கோழிகளுக்கும் பரவிவிட்டது என்று நினைத்தார். அப்போதுதான் விந்தை நடந்தது. நவம்பர் கடைசியில், மிச்சமிருந்த கோழிகள் எல்லாம் தானாகவே குணமாகிவிட்டன!

என்ன மாறியது? விசாரித்தபோதுதான் தெரிந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர் செலவை மிச்சப்படுத்த, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை ஜூன் மாதத்திலிருந்து அவற்றுக்குப் போட்டுவந்தார். நவம்பரில் புதுச் சமையல்காரர் வந்தார். ராணுவத்தின் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் கோழிகள் பழைய தீவனத்துக்கு, தீட்டாத அரிசிக்குத் திரும்பின. நோயும் போனது.

ஒரு கண்டிப்பான சமையல்காரர் மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஐக்மன் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் சோதித்தார். தீட்டிய வெள்ளை அரிசி கொடுத்தால் நோய். தவிடு ஒட்டிய அரிசி கொடுத்தால் நோய் இல்லை. நோய் வந்த கோழிக்குத் தவிட்டைக் கொடுத்தால் குணம்.

சரி, கோழிக்குப் பொருந்துகிறது. மனிதர்களுக்கு?

யாரை எண்ணுவது?

இங்கேதான் நம் கதையின் முக்கியமான கேள்வி வருகிறது. ஒரு நோய் மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணினால் போதாதா? போதாது. வராதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாதே. ஒரு ஊரில் 50 நோயாளிகள் இருக்கிறார்கள் என்றால் அது அதிகமா, குறைவா? 100 பேர் வாழும் ஊரா, 100,000 பேர் வாழும் ஊரா என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். நோயாளிகளின் எண்ணிக்கை மேலே, மொத்த மக்கள்தொகை கீழே. பள்ளியில் படித்த பின்னக் கணக்குதான். கீழே உள்ள எண் இல்லாமல் மேலே உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஜாவா முழுவதும் அந்தக் கீழ் எண் எங்கே கிடைக்கும்? சிறைச்சாலையில். அங்கே எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள், யார் நோயில் விழுந்தார்கள் என்று எல்லாமே ஏட்டில் இருக்கும். அதோடு, கைதிகளுக்குப் பொதுவாக அந்தந்த வட்டாரத்து மக்கள் சாப்பிடும் அரிசியே கொடுக்கப்பட்டது. சில சிறைகளில் தவிடு நீக்கிய அரிசி, சிலவற்றில் தவிடோடு, சிலவற்றில் கலப்பு. யாரும் திட்டமிடாமலே ஒரு பெரிய சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

ஜாவாவின் சுகாதார ஆய்வாளராக இருந்த அடோல்ஃப் ஃபோர்டர்மானிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனார் ஐக்மன். 1896இல் ஃபோர்டர்மான் சிறை சிறையாகச் சென்றார். ஜாவா, மதுரா தீவுகளில் 101 சிறைகள். ஏறத்தாழ 280,000 கைதிகளின் விவரங்கள்.

முடிவு இதுதான்:

தவிடு நீக்காத அரிசி: 37 சிறைகள். பெரிபெரி இருந்தது 1 சிறையில் மட்டும்.

கலப்பு அரிசி: 13 சிறைகள். பெரிபெரி இருந்தது 6 சிறைகளில்.

தவிடு நீக்கிய அரிசி: 51 சிறைகள். பெரிபெரி இருந்தது 36 சிறைகளில்.

ஆள் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. தவிடு நீக்காத அரிசி சாப்பிட்டவர்களில் 10,000 பேரில் ஒருவருக்குத்தான் நோய். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 39 பேரில் ஒருவருக்கு. அதாவது 10,000 பேருக்கு 256 பேர்!

ஃபோர்டர்மான் இன்னொன்றும் செய்தார். ஒருவேளை அரிசி காரணமில்லை, பழைய கட்டடம் காரணமாக இருந்தால்? காற்றோட்டம் குறைவு காரணமாக இருந்தால்? கூட்ட நெரிசல்? அவை எல்லாவற்றையும் பதிவு செய்து ஒப்பிட்டார். எதுவும் பொருந்தவில்லை. அரிசி மட்டுமே பொருந்தியது. இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் படிப்பவர்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது: வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்த 280,000 பேரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இந்த அறிவு அவர்களின் கால்களுக்கும் உயிருக்கும் கொடுத்த விலையில் வந்தது.

அவர் சறுக்கிய இடம்

ஐக்மன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டாரா? இல்லை.

வெள்ளை அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, தவிடு அதற்கு மாற்று மருந்தாக வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். கிருமிகளும் நஞ்சும் ஆட்சி செய்த காலத்தில், ஒன்று இல்லாததால் நோய் வரும் என்ற எண்ணமே பலருக்கு விசித்திரமாக இருந்தது.

1896 மார்ச்சில் உடல்நலக் குறைவால் ஐக்மன் ஜாவாவை விட்டுக் கிளம்பினார். வேலையைத் தொடர்ந்தவர் கெரிட் கிரைன்ஸ். 1901இல் அவர்தான் சரியான விளக்கத்தை முன்வைத்தார்: தவிட்டில் நரம்புகளுக்குத் தேவையான ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அதை நீக்கிவிட்டால் நோய் வருகிறது. ஐக்மன் இதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கு முன்பே ஜப்பானியக் கடற்படையிலும் ஒரு மருத்துவர் உணவைச் சந்தேகித்திருந்தார். தகாகி கனெஹிரோ என்பது அவர் பெயர். ரியூஜோ என்ற கப்பலின் நீண்ட பயணத்தில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். அவர் உணவை மாற்றி, 1884இல் அதே வழியில் வேறொரு கப்பலை அனுப்பச் செய்தார். யாரும் இறக்கவில்லை. ஆனால் அவரும் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார். புரதம் போதாததுதான் சிக்கல் என்று நினைத்தார்.

எண்கள் சரியாக இருந்தன, விளக்கம் தவறாக இருந்தது. அறிவியலில் இது அடிக்கடி நடக்கும். நல்ல கணக்கு கையில் இருந்தால், விளக்கத்தைப் பின்னால் வருபவர் திருத்திவிடலாம்.

மலாயாவில் நம்ம ஆளுங்க

இப்போது நம் பக்கம் வருவோம். ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் பெருகிய மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களிடம் நோய் அதிகம். கிராமத்து மலாய்க்காரர்களிடம் குறைவு. தமிழர்களிடமும் குறைவு.

இனம்தான் காரணமா? அவசரப்படாதீர்கள். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் சாப்பிட்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி!

புழுங்கலரிசி எப்படி உருவாகிறது என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்து, பிறகுதான் குத்துவார்கள். அப்படி அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு தவிட்டை நீக்கினாலும் சத்து முழுவதும் போகாது. யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த முறை இல்லை அது. நூற்றாண்டுக் கணக்கில் நம் ஊர் முற்றங்களில் நடந்த வேலை.

1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றை எண்காரர்கள் ஒரு பிரிவு, இரட்டை எண்காரர்கள் இன்னொரு பிரிவு. ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி. ஓராண்டில் வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் யாரும் இறக்கவில்லை. சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் மீது நடந்த சோதனை அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

பிறகு ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களிடையே இதை உறுதி செய்தார்கள். இங்கே எல்லாரும் ஒரே இனம். அரிசி மட்டும்தான் வேறு. நோய் அரிசியின் பின்னாலேயே போனது. இனத்தின் பின்னால் போகவில்லை.

பரிசு வந்தபோது

1898 முதல் ஐக்மன் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பேராசிரியர். குடிநீர், வீடமைப்பு, மதுப் பழக்கம் என்று பல துறைகளில் வேலை. பெரிபெரி உலகம் அவரைத் தாண்டி வேகமாக ஓடியது. 1912இல் காசிமிர் ஃபுங்க் வைட்டமின் என்ற சொல்லைப் பிறப்பித்தார். 1926இல், ஐக்மன் வேலை பார்த்த அதே படேவியாவில், யான்சனும் டோனாட்டும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் தைமின், வைட்டமின் பி1.

1929இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பிரிட்டனின் ஃபிரெட்ரிக் கௌலண்ட் ஹாப்கின்சோடு பகிர்ந்துகொண்டார். ஆனால் ஐக்மனுக்கு வயது 71. ஸ்டாக்ஹோம் வரை போக உடம்பு இடம் தரவில்லை. கிரைன்சுக்குப் பரிசில் பங்கில்லை. ஃபோர்டர்மான் 1902இலேயே இறந்துவிட்டார். 1930 நவம்பர் 5ஆம் தேதி ஐக்மன் உட்ரெக்டில் காலமானார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1936இல் தைமினை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்.

காரணம் தெரிந்தாயிற்று, மருந்தும் வந்தாயிற்று. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

சாங்கி, 1942

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் வீழ்ந்தது. இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து, லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சுமார் 50,000 பேர் சாங்கிக்கு நடந்தார்கள். சாங்கிச் சிறைக்குள்ளே ஐரோப்பியப் பொதுமக்கள் ஏறத்தாழ 3,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சிறை 600 பேருக்காகக் கட்டப்பட்டது.

சாப்பாடு? தீட்டிய வெள்ளை அரிசி.

ஐக்மனின் கோழிகளுக்கு நடந்ததே இவர்களுக்கும் நடந்தது. சில வாரங்களிலேயே பெரிபெரி. பாதம் நெருப்பாக எரியும், இரவில் தூங்க முடியாது. கைதிகள் அதற்கு மின்சாரப் பாதம் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். முகாம் மருத்துவர்களுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தவிட்டை மருந்து மாதிரி பங்கிட்டார்கள். ஈஸ்ட் வளர்த்தார்கள். வேறு சத்துக் குறைபாடுகளுக்காக லாலான் புல்லைப் பிழிந்து சாறு எடுத்தார்கள். ஆனால் இருந்தது சொற்பம், தேவைப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

சிலரிடம் வேறு அறிகுறிகள் தெரிந்தன. கண்மணிகள் தன்னால் துடிக்கும். பசி போய் வாந்தி வரும். நாள், இடம் குழம்பும். ஹியூ டி வார்டனர், பெர்னார்ட் லெனாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள், தாங்களும் கைதிகளாக இருந்துகொண்டே, இப்படிப்பட்ட 52 பேரைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். இது வெர்னிக்கி மூளைநோய், தைமின் குறைவால் வருவது என்று காட்டினார்கள். 1947இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஏனென்றால் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கும், நீண்ட நாள் சாப்பிட முடியாமல் இருப்பவர்களுக்கும் இதே நோய் இன்றும் வருகிறது.

சாங்கியில் எண்ணுவது ஏன் முடிந்தது? ஜாவாச் சிறைகளில் முடிந்த அதே காரணம்தான். தினமும் தலை எண்ணுவார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று தெரியும்.

எண்ணப்படாதவர்கள்

1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து ஏறத்தாழ 7,000 கைதிகளைக் கொண்ட ஒரு படை சயாம் ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டது. அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். அந்தப் பாதையில் இறந்த போர்க் கைதிகள் 12,000க்கும் அதிகம். பெரும்பாலோரின் பெயர், படைப்பிரிவு, கல்லறை எல்லாம் பதிவில் உள்ளன.

அதே பாதையில் வேலை செய்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல பத்தாயிரம் பேர் இருந்தார்கள். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பெரிபெரி வந்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? வரலாற்றாசிரியர்கள் மதிப்பீடுகள்தான் தருகிறார்கள், அவையும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகின்றன. காரணம் எளிது. அவர்களுக்குத் தலை எண்ண முறையான ஏடு இல்லை, போதிய மருத்துவர்கள் இல்லை, பின்னால் கட்டுரை எழுத யாரும் இல்லை.

எண்ணப்படுவது என்றால் என்ன என்பது இங்கே புரியும். எண்ணப்பட்டவர்களின் வலி மருத்துவத்துக்குப் பாடமானது. எண்ணப்படாதவர்களின் வலி குடும்பக் கதையாக மட்டும் மிஞ்சியது, அதுவும் சில குடும்பங்களில்.

இன்று சிங்கப்பூர் எப்படி எண்ணுகிறது?

சிறைகளில் எண்ணும் காலம் போய்விட்டது. இப்போது வீடு வீடாகப் போகிறார்கள், சம்மதம் கேட்கிறார்கள்.

பார்கின்சன் நோயை எடுத்துக்கொள்வோம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. முதலில் எளிய கேள்விகள். சந்தேகம் இருந்தால் அடுத்த கட்டம். கடைசியில் நரம்பியல் மருத்துவரின் பரிசோதனை. கண்டறிந்த அளவு 0.30 விழுக்காடு, அதாவது 1,000 பேரில் 3 பேர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

அந்த ஆய்வில் ஒரு நுட்பம் இருந்தது. மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கு சிறியது. அதே விகிதத்தில் ஆட்களை எடுத்தால், அபூர்வமான நோய்க்கு இந்தியர்களிடையே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நோயாளிகள் கிடைப்பார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் அவர்களின் விகிதத்தைவிட வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்தார்கள். சிறுபான்மையினரின் எண்ணும் நம்பகமாக இருக்க வேண்டும் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

முதுமை மறதிநோய்க்கு மனநலக் கழகம் தலைமையில் 2013இல் ஓர் ஆய்வு நடந்தது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 10 பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தது. 2023இல் மறுபடி எண்ணியபோது அது 8.8 விழுக்காடு. இன்னொரு தகவல்தான் கவனிக்க வேண்டியது. நோய் இருந்தும் அதுவரை கண்டறியப்படாதவர்கள் 2013இல் சுமார் 70 விழுக்காடு, 2023இல் சுமார் 50 விழுக்காடு. அதாவது மருத்துவமனைப் பதிவுகளை மட்டும் எண்ணியிருந்தால் பாதிப் பேர், அதற்கும் மேல், கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். ஃபோர்டர்மான் ஏன் 101 சிறைகளுக்கு நேரில் போனார் என்பது இப்போது புரிகிறதா?

உங்களுக்கு இதில் என்ன வேலை?

அடுத்த முறை சாங்கிப் பக்கம் போனால், விமான நிலையத்தோடு திரும்பிவிடாதீர்கள். அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இருக்கும் சாங்கி தேவாலயம், அரும்பொருளகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அங்கே இருந்த மனிதர்கள் வெறும் அரிசியை வைத்து எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள்.

வீட்டுக்கு ஆய்வாளர் யாராவது வந்து, உரிய அடையாள அட்டையைக் காட்டி, தாத்தா பாட்டியிடம் ஞாபகசக்தி பற்றியோ கை நடுக்கம் பற்றியோ கேட்க வேண்டும் என்று சொன்னால், முதலில் அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால், பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்து உதவுங்கள். தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு பாட்டி, ஆங்கிலக் கேள்வி புரியாமல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், கணக்கில் ஓர் ஆள் குறைந்துவிடும். எத்தனை மருத்துவர்கள் வேண்டும், எத்தனை பராமரிப்பு நிலையங்கள் வேண்டும், அவற்றில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிடப்படும்.

பாட்டி புழுங்கலரிசிதான் வேணும் என்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் நோபெல் பரிசே அவர் பக்கம்தான் இருக்கிறது.